கீறல் தட்டுகளை வாங்குகிறவர்

1

நீங்கள் அங்கே பொங்கல் முடித்துக் கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த வாரத்தில், இங்கே எனக்கு ஒரு கூரியர் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பினாங்கில், பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். நான் அனுப்பிய இசைத்தட்டு ஒன்று சென்னைச் சுங்கத்தில் நிற்கிறதாம். பெறுபவர் கொடுத்த அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பார்சலின் மேல் எழுதியிருக்கும் பெயரும் ஒன்றாக இல்லையாம். அனுப்பியவர்தான் சரிசெய்ய வேண்டும். பதினான்கு நாளுக்குள் செய்யாவிட்டால் பார்சல் திரும்பி வந்துவிடும்.

அட்டையின் நகலையும் இணைத்திருந்தார்கள். கையெல்லாம் குழம்பாக இருந்ததால் இடது கைச் சுண்டுவிரலால் திறந்தேன்.

அதில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

2

கடை என்றால் கதவும் பெயர்ப்பலகையும் உள்ள கடை இல்லை. பழைய இசைத்தட்டுகளை வாங்கவும் விற்கவும் உலகம் முழுக்க ஆட்கள் கூடும் ஓர் இணையச் சந்தை இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு பக்கம். சரக்கு எங்கள் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது அறையில், இரும்பு அலமாரியில் இருக்கிறது. எல்லாம் அப்பாவின் தட்டுகள். அப்பா திருச்சி பொன்மலையில் ரயில்வே பணிமனைக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். சம்பள நாளன்று வீட்டுக்கு அரிசி வருகிறதோ இல்லையோ, ஒரு தட்டு வந்துவிடும். ஒவ்வோர் உறையின் மூலையிலும் நீல மையில் ஒரு எண்ணும் தன் பெயரின் முதலெழுத்தும் எழுதுவார். கிடங்குப் புத்தி.

நானூறுக்கும் மேல் இருந்தன. பினாங்கின் ஈரக்காற்றுக்கு அவை ஒத்துவரவில்லை. கடல் பக்கத்திலிருந்து ஒன்று, மலைப் பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் ஈரம் வருகிறது. ஒரே வருடத்தில் உறைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. என் கணவர் தியாகு இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். கோபப்பட மாட்டார், ஆனால் மூக்கை மூடிக்கொள்வார்.

"வசந்தி, வீடு பூரா வாடை அடிக்குது லா. ஒண்ணு போட்டுக் கேளு, இல்ல வித்துரு. சும்மா வெச்சிருந்தா லெச்சே."

லெச்சே என்றால் தொல்லை. இருபத்துநாலு வருடத்தில் நானும் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டேன். திருச்சிக்குப் போனால் வாய்தவறி வந்து, கேட்பவர்கள் விழிப்பார்கள். இப்போது போவதில்லை என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

கடையைத் திறந்துகொடுத்தவள் மகள் யாமினி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. "மா, ஷோப் பேரு என்னா போட?" என்று கேட்டாள். பொன்மலை என்றேன். அது என்ன மலை, இங்கே இருக்கும் தண்ணீர்மலை மாதிரி கோயில் இருக்குமா என்று கேட்டாள். ரயில் இருக்கும் என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது கோலாலம்பூரில் படிக்கிறாள். முதலில் வாரம் ஒருமுறை பேசினாள். பிறகு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தி என்று ஆகி, இப்போது நான் அனுப்பும் செய்திக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. வளர்கிறார்கள், போகிறார்கள். குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நானும் ஒரு வீட்டிலிருந்து போனவள்தான்.

அந்தச் சந்தையில் தட்டுக்குத் தரம் போட வேண்டும். புதியது, புதியது போல, மிக நல்லது, நல்லது, சுமார், மோசம் என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். விற்பவர்கள் எல்லோரும் ஒரு படி ஏற்றித்தான் போடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. தொழிற்சாலையில் என் வேலை நுண்ணோக்கியின் வழியே மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது. ஒரு நாளைக்குப் பல நூறு சில்லுகள் கண்ணுக்குக் கீழே ஓடும். குறை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணோடு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில் ஊசி தாவும்' என்று எழுதிவிடுவேன். அதனாலேயே கடைக்கு நல்ல பெயர். ஜப்பான்காரர் ஒருவர், என் 'சுமார்' மற்றவர்களின் 'மிக நல்லது' என்று எழுதினார். நல்ல தட்டுகள் எல்லாம் மூன்று நான்கு வருடத்தில் போய்விட்டன. ஒவ்வொன்றையும் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டும்போது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். டேப் எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்பதுதான் தோன்றியது.

3

எங்கள் வீட்டில் ஜனவரி ஏமாளி என்று ஒருவர் உண்டு. அந்தப் பெயரை வைத்தது தியாகு.

சந்தானம் என்ற பெயரில், சென்னை குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடை முகவரியிலிருந்து, ஒவ்வொரு ஜனவரியும் முதல் வாரத்தில் ஒரே ஒரு தட்டு வாங்குவார். அடுத்த ஜனவரி வரை ஆள் இருக்கும் இடம் தெரியாது. பேரம் கிடையாது. கேள்வி கிடையாது. அதைவிட, அவர் வாங்குவதெல்லாம் 'மோசம்' என்று நான் தரம் போட்டவை. யாரும் தொடாத சரக்கு. முதல் வருடம் எனக்கே மனசு கேட்காமல் செய்தி அனுப்பினேன். இந்தத் தட்டில் ஆழமான கீறல் இருக்கிறது, பாதிக்குமேல் ஓடாது, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். 'பரவாயில்லை, அனுப்புங்கள்' என்று பதில் வந்தது. இரண்டாம் வருடமும் எழுதினேன். அதே பதில்.

மூன்றாம் வருடம் நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். டிசம்பர் கடைசியில் மோசமான தட்டுகளின் விலையை ஏற்றிவைத்தேன். கேட்காமல் கொடுக்கிறவர்தானே என்று ஒரு நினைப்பு. வாங்கினார். நான்காம் வருடம் இன்னும் ஏற்றினேன். அதையும் வாங்கினார்.

"ஒன்னோட ஏமாளி வந்துட்டானா?" என்று தியாகு கேட்பார். வந்தாயிற்று என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தப் பணத்தில் பசாருக்குப் போய் நல்ல மீனாக வாங்கி வருவோம். ஆறு வருடம் இப்படியே போனது.

இந்த ஜனவரி ஏழாவது தட்டு. சாதாரணத் தபால் மிகவும் தாமதமாகிறது என்று முதல்முறையாகக் கூரியரில் போட்டேன். கூரியர்காரர்கள் பெறுபவரின் அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் பார்சல் நின்றது.

4

இனிமேல் சொல்லப்போவது வீட்டு விஷயம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

எனக்கு ஒரே அண்ணன், ராஜேந்திரன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா முன்னாலேயே போய்விட்டதால், அப்பா போனதும் பொன்மலை வீட்டை விற்க நினைத்தார். அவருக்கும் தேவை இருந்தது. என் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒரு கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. பஸ் ஏறிக் கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். சாட்சிகள் இருவரும் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். நான் கூட்டிப்போனது தியாகுவையும் அவருடைய தம்பியையும். திரும்பி வந்தேன். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் இரண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் லீவுக்குக் காத்திருந்து மறுபடி போவதற்குள் இரண்டு மாதம். அதற்குள் வீட்டை வாங்குவதாக இருந்தவர் வேறு வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

"நீ வேணும்னே இழுத்தடிச்ச" என்றார் அண்ணன் தொலைபேசியில்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கு உங்க வீடு வேணாம். அப்பாவோட தட்டுகள மட்டும் அனுப்பிடுங்க. அதோட முடிஞ்சுது. இனிமே எனக்குச் சீரும் வேணாம், சிறப்பும் வேணாம்."

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்யாணமான வருடத்திலிருந்து அண்ணன் எனக்குப் பொங்கல் சீர் அனுப்பாமல் இருந்ததில்லை. பச்சரிசியும் வெல்லமும் மஞ்சள்கொத்தும் கடல் தாண்டி வராது. யாராவது பினாங்கு வந்தால் ஒரு புடவை கொடுத்தனுப்புவார். ஆள் கிடைக்காவிட்டால் வங்கியில் பணம் போடுவார். குறிப்பு என்ற இடத்தில் பொங்கல் சீர் என்று மறக்காமல் எழுதியிருப்பார். பிறந்தவீட்டில் தனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் ஒரு பெண்ணுக்குச் சான்று. அதை வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

தட்டுகள் கப்பலில் வந்து சேர்ந்தன, ஒன்றுகூட உடையாமல். பழைய வேட்டியைக் கிழித்து இடைஇடையே வைத்துக் கட்டியிருந்தார். கடிதம் இல்லை. அந்தத் தையில் சீரும் வரவில்லை. கேட்டதுதானே கிடைத்தது என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

5

அட்டையின் நகலுக்கு வருகிறேன்.

பெயர்: ராஜேந்திரன். தந்தை பெயர்: ரங்கசாமி. என் கடவுச்சீட்டிலும் அந்த இடத்தில் ரங்கசாமிதான். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சின்னப் படம். நகலின் நகல் போல, முகம் பாதி அழிந்திருந்தது. இருந்தாலும் நரைத்த தலையும் காதும் தெரிந்தன. எங்கள் வீட்டுக் காது.

இப்படி ஒன்றைக் கண்டால் நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும் என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. இடைவேளை முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. சோற்றை முடித்தேன், கை கழுவினேன், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அன்று மாலை வரை சில்லுகளைப் பார்த்தேன். ஒன்றைக்கூடத் தவறாகப் போடவில்லை. மேற்பார்வையாளர் அக்கா வந்து நல்ல வேகம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாலம் தாண்டி வீட்டுக்கு வந்த தியாகுவிடம் கைபேசியைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம மச்சானா?"

"ஆமா."

"இத்தன வருசமும்?"

"ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நாம மச்சானையா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஏமாளி என்ற சொல்லை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

நான் மூன்றாவது அறைக்குப் போய்ப் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். போன ஆறு தட்டும் ஆறு ஜனவரியில். தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால். சீர் வர வேண்டிய நாள். வேண்டாம் என்று வாயால் சொன்னவளுக்கு அவர் வேறு எந்த வழியில் கொடுக்க முடியும்? நேராகப் பணம் போட்டால் திருப்பி அனுப்பியிருப்பேன், அவருக்கும் அது தெரியும். நான் எழுதிய எச்சரிக்கையையும் ஏற்றிய விலையையும் நினைத்தபோது வெட்கமாக இருந்தது. முதல்முதலாக ஏதோ ஒன்று உறைத்தது என்றால் அதுதான்.

ஆனால் படிவம் அப்படியே இருந்தது. பெயரைத் திருத்தி, பெறுபவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று எழுதி அனுப்ப வேண்டும். எழுதினால் அண்ணனுக்கும் தகவல் போகும், எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மறைத்துக் கொடுத்தவர் மறைவு போனபின் கொடுப்பாரா? ரோஷக்காரர். நிறுத்திவிடலாம். எழுதாமல் விட்டால் பார்சல் திரும்பி வரும், பணத்தை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். பிறந்தவீட்டுச் சீரை வாசலோடு திருப்பிவிட்டது போல் ஆகும். ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டேன். இன்னொரு முறை செய்தால், இருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போய்விடும்.

பதினான்கு நாளில் ஒன்பது நாள் இப்படியே போனது. தைப்பூசம் வந்தது. யாமினி லீவில் வந்தாள். தண்ணீர்மலைச் சாலையில் ரதம் வந்ததையும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைத்ததையும் கூட்டத்தில் நின்று பார்த்தோம். எல்லோரும் ஏதோ வேண்டிக்கொண்டார்கள். எனக்கு வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. தேங்காய்த் தண்ணீரில் செருப்பு ஊறிப்போயிருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் யாமினியிடம் விஷயத்தைச் சொன்னேன். "கேன்சல் பண்ணி ரிஃபண்ட் குடுத்துடுங்க மா. ஈசி லா" என்றாள்.

"காச திருப்பிக் குடுத்தா, சீர் வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"சீர்னா?"

அவளுக்கு மாமா என்று ஒருவர் இருப்பதே புகைப்படத்தில்தான் தெரியும். சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ஃபோன் பண்ணுங்களேன். நம்பர் இல்லியா?" என்றாள்.

நம்பர் இருந்தது. அண்ணன் என்றே பதிந்திருந்தது. அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

6

சனிக்கிழமை. இங்கே பதினொன்றரை, அங்கே ஒன்பது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"யாருங்க?"

"நான்தாண்ணே. வசந்தி."

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"சொல்லு" என்றார்.

"பார்சல் மெட்ராஸ்ல நின்னுபோச்சு. பேரு சரியா இல்லியாம்."

எந்தப் பார்சல் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லி மழுப்பி வைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

"அந்தச் சந்தானம், பொன்மலையில நம்ம பக்கத்து வீட்டு சீனு இருந்தான்ல, அவன் மகன். அவன்தான் ஒரு நாள் கம்ப்யூட்டர்ல காட்டினான், பொன்மலைன்னு ஒரு கடை இருக்குன்னு. பாத்தா ஒறையில அப்பா கையெழுத்து. இந்தத் தடவ கார்டு கேட்டாங்களாம், அவனோடத எங்கயோ தொலைச்சிட்டான். சரின்னு என்னோடத குடுத்தேன். அது ஒங்கிட்ட வரும்னு தெரியாது."

"படமும் வந்துச்சு. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு."

"ஒனக்கு மட்டும் என்ன, கருகருன்னா கெடக்கு?"

தியாகு வாசலில் நின்று காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். யாமினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல பிளேயர் இருக்காண்ணே?"

"அது எதுக்கு? ஆறும் பீரோ மேல இருக்கு. பிரிக்கவே இல்ல."

"அப்பறம் ஏன் கீறல் விழுந்ததா பாத்து எடுத்தீங்க? நல்லதா எடுத்திருக்கலாம்ல."

"நல்லத எவனாவது வாங்கிக்குவான். இத யாரு வாங்குவா?"

அவர் வாங்கிய தட்டுகளில் ஒன்றை நான் நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பத்து வயது, அவருக்குப் பத்தொன்பது. எந்தப் பாட்டை வைப்பது என்று சண்டை. நான் கையைத் தட்டிவிட, ஊசி தட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. அப்பா வந்து யார் செய்தது என்று கேட்டபோது, நான்தான் என்றார் அண்ணன். விற்கும்போது அந்தத் தட்டுக்கு நான் எழுதிய குறிப்பு இரண்டே சொல்: ஆழமான கீறல்.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"வெலைய நான் வேணும்னுதாண்ணே ஏத்தினேன்."

"தெரியும். வருசா வருசம் ஏறுச்சே."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா கொறச்சிருப்பேன்ல."

"சீர்ல போயி யாராச்சும் பேரம் பேசுவாங்களா?" என்றார். பிறகு, "பொங்கல் முடிஞ்சு போச்சு. பார்சல் நின்னதால சீர் லேட்டாயிடுச்சேன்னு நெனைக்காத" என்றார்.

நினைக்கவில்லை என்றேன். அவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். யாமினி என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மாத்திரை நேரம் என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

கணினியைத் திறந்து படிவத்தில் பெயரைத் திருத்தினேன். உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினேன். அனுப்பும் நோக்கம் என்ற கட்டத்தில் விற்பனை என்று முன்பே டிக் ஆகியிருந்தது.

"கிஃப்ட்னு மாத்துங்க மா. மாமாதானே" என்றாள் யாமினி.

அன்பளிப்பு என்று மாற்றினால், அனுப்புகிற நான் கொடுத்து, பெறுகிற அவர் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். நடந்தது அதற்குத் தலைகீழ். பெறுகிறவரே கொடுப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. விற்பனை என்றே விட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது அறையில் 'மோசம்' என்று தரம் போட்ட தட்டுகள் எத்தனை மிச்சம் என்று போய் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. வருடத்துக்கு ஒன்று என்றால் இன்னும் பதினொரு தை. அண்ணனுக்கு இப்போது அறுபத்தொன்று. விலையைக் குறைக்கவில்லை.